வலைக்கு அந்தப் பக்கத்துப் புல்

1982 பொங்கல் அன்று அப்பா என்னைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார். இங்கிலாந்துடன் டெஸ்ட், இரண்டாவது நாள். காலையில் மட்டையோடு இறங்கிய விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் சாயங்காலம் வரைக்கும் ஆடினார்கள். நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. பெரியவர்களுக்கு அது சொர்க்கம். பத்து வயசுப் பையனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மேல் கண்ணைச் சொக்கியது. கேலரியின் அடிப்படிக்கு இறங்கிப் போய், கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது, புல்தான் தெரியும். வலைக்குள் விரலை விட்டுப் புல்லைத் தொடப் பார்த்தேன். ஒரு சாண் குறைந்தது. வீட்டுக்கு வந்தபோது மூக்கு நுனியில் துருக்கறை, அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தாள்.

போன வருடம் ஜூன் கடைசியில் மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். அவன் இருப்பது பிரைட்டனில். பக்கத்திலேயே ஹோவ், சசெக்ஸ் கவுண்டி, அதாவது மாவட்ட அணியின் மைதானம். நம் நாட்டு ரஞ்சித்சிங்ஜி ஆடிய கவுண்டி, பட்டோடி ஆடிய கவுண்டி என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன், அவன் “சரிப்பா, டிக்கெட் எடுத்தாச்சு” என்று முடித்துவிட்டான். கடல் பக்கமாகச் சரிந்து இறங்கும் மைதானம். ஒரு ஓரத்தில் சாய்வுத்துணி நாற்காலிகள், அதில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கும் தாத்தாக்கள். நான்கு நாள் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

மதிய இடைவேளை விட்டார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. பார்த்தால் ஜனங்கள் எழுந்து, பவுண்டரிக் கயிற்றைத் தாண்டி உள்ளே போகிறார்கள். ஓடவில்லை, நடக்கிறார்கள். கையில் காப்பி, ஒரு பாட்டி கையில் நாய்ச்சங்கிலி. பையன்கள் டென்னிஸ் பந்தும் சின்ன மட்டையுமாக இறங்கி, ஐந்தே நிமிடத்தில் அங்கங்கே ஏழெட்டு ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. “வாப்பா, எல்லாரும் போறாங்க பாரு” என்றான் மகன். யாராவது லத்தியோடு வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் ஷூவைக் கழற்றினேன். “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க.” பார்க்கட்டும். புல் நான் நினைத்ததைவிடக் கட்டையாக இருந்தது, சலூனில் மிஷின் போட்ட தலை மாதிரி. அடியில் மண் கெட்டி. நடுவில் பிட்சைச் சுற்றித் தனியாக ஒரு கயிறு, அதற்குள் மைதானப் பராமரிப்பாளர் இரண்டு பேர் கிரீஸ் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றோரம் ஒரு இருபது பேர் நின்று, பவுலர் கால் பதிந்து பெயர்ந்த இடத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். யாரும் கயிற்றைத் தொடக்கூட இல்லை. மணி அடித்தது. வந்த மாதிரியே எல்லாரும் திரும்பி நடந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இவர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், லண்டன் லார்ட்ஸ் மைதானம். ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஜோடி, லில்லியும் தாம்சனும். தாம்சன் அடித்த பந்து கேட்ச் ஆனதும் ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆனால் அது நோ-பால், கேட்ச் செல்லாது! பந்து கூட்டத்தில் காணாமல் போக, லில்லியும் தாம்சனும் தங்கள் பாட்டுக்கு ஓடி ஓடி ரன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நிஜமாகவே முடிந்தபோது மறுபடி பாய்ந்தார்கள். அம்பயர் டிக்கி பேர்டின் வெள்ளைத் தொப்பி அன்று பறிபோனது. பிற்பாடு லண்டன் பஸ் ஒன்றில் கண்டக்டர் தலையில் அதைப் பார்த்ததாகவும், ‘இது எங்கே கிடைத்தது’ என்று கேட்டதற்கு ‘டிக்கி பேர்டின் தலையிலிருந்து எடுத்தது’ என்று அந்த ஆள் அவரிடமே பெருமையடித்ததாகவும் பேர்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1983 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை வீடியோவில் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸின் ஹோல்டிங் கடைசி விக்கெட்டாக அவுட் ஆனதும் நம் ஆட்கள் கட்டிப்பிடிக்கக்கூட நிற்கவில்லை, ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பெவிலியனைப் பார்த்து ஒரே ஓட்டம். பின்னால் துரத்திக்கொண்டு நம் ஜனம். அந்தக் காட்சி இல்லாத 83 எனக்கு வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எல்லாம் தொப்பியோடு போவதில்லை. 1982இல் பெர்த்தில் உள்ளே ஓடிவந்த ஒருவன் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டெரி ஆல்டர்மேனைத் தட்டிவிட்டு ஓட, இவர் கோபத்தில் துரத்திப் போய் அவனை மடக்கி விழுந்தார். தோள்பட்டை நழுவி ஒரு வருடத்துக்கு மேல் கிரிக்கெட் போயிற்று. 2001இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் பாகிஸ்தான் ஜெயிக்கச் சில ரன்களே பாக்கி இருந்தபோது கூட்டம் உள்ளே புகுந்து, ஊழியர் ஒருவர் மிதிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இங்கிலாந்து கேப்டன் அலெக் ஸ்டூவர்ட் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்ததும் உள்ளே பாயும் அந்தப் பழைய சுதந்திரம் அங்கே மெல்ல மெல்ல அடைக்கப்பட்டது. கவுண்டி மதிய நடை மட்டும் தப்பியது.

ஊருக்கு வந்து இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். என் மனைவியின் அண்ணன், சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், எத்தனையோ மேட்சுக்குப் பந்தோபஸ்து பார்த்தவர். மேட்ச் நடக்கும்போது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்து நிற்பவர்களை டிவியில் கவனித்திருப்பீர்களே, அதில் ஒருவர். “மாப்பிள்ளை, உள்ள விடறது பெரிசில்ல. எப்படி வெளிய அனுப்புவீங்க?” என்றார். “2019ல நாக்பூர்ல தோனி பின்னால ஒருத்தன் ஓடினானே, பாத்தீங்கல்ல? தோனி ஆட்டம் காட்டி ஓடினார், எல்லாரும் சிரிச்சீங்க. நான் அவன் இடுப்பைத்தான் பாத்தேன். சட்டைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்கும்போது ஒருவரையும் விடக்கூடாது, அதில் நான் மச்சான் கட்சி. ஆனால் பிட்ச் பாழாகும் என்று அவர் அடுத்துச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிட்சைத் தோண்டி எண்ணெய் ஊற்றி இங்கிலாந்து-ஆஸ்திரேலியா ஆஷஸ் டெஸ்ட் ஒன்றையே நிறுத்தினார்களே 1975 ஹெடிங்லியில், அவர்கள் ராத்திரியில் வந்தவர்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இல்லை.

அப்புறம், வலை போட்டால் பத்திரம் என்பதும் எனக்குச் செரிக்கவில்லை. 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் 97 உயிர் போனதற்குப் புல்வெளிக்குள் தப்பி ஓட முடியாமல் கம்பிவேலி மறித்ததும் ஒரு காரணம். அதன் பிறகு இங்கிலாந்தில் அந்த வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நம் பக்கம் 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி அரங்கின் வெளியே, ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் செத்தார்கள், வாசலில் நசுங்கி. ஒருத்தர்கூடப் புல்லை மிதித்துச் சாகவில்லை. மச்சான் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “வாசல் கேட்டுதான் மாப்பிள்ளை எப்பவும் பயம். கிரவுண்டு இல்ல” என்றார் கடைசியில்.

ஐபிஎல் இறுதி ஆட்டத்து ராத்திரியில் நாற்பதாயிரம் பேரை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ராத்திரி என்னை நானே நம்ப மாட்டேன். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கிறதே, அதற்கு வருவது சில நூறு பேர். முக்கால்வாசிப் பேர் என் வயசு, மிச்சம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள். மதிய இடைவேளையில் ஒரு வாசலைத் திறங்கள். பிட்சைச் சுற்றி ஒரு கயிறு, நாலு காவலர், ஒரு மணி. நாற்பது நிமிடத்தில் இருபது நிமிடம் போதும். ஓடினால் அடுத்த தடவை கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து ஆளே பிடித்து உட்கார வைப்பான். ஓடுகிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் வித்தியாசம் கூட்டத்துக்குத்தான் முதலில் தெரியும்.

இதை ஒரு மனுவாக எழுதி மச்சானிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய ஞாபகத்தில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார். “நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா முதல்ல ஒரு தண்ணி பாட்டிலை கேட்டைத் தாண்டி உள்ள எடுத்துட்டுப் போக விடறாங்களான்னு பாருங்க. புல்லை அப்புறம் கேக்கலாம்.”