எல்லை போட்டேன், முதல் பட்டை காணாமல் போனது

ஹிஸ்டோகிராம் என்றால் எண்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று பட்டையாகக் காட்டும் படம். அதன் எக்ஸ் அச்சுக்கு (கிடை அச்சு) எல்லை வைப்பது இரண்டு நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தவன், மூன்று நாள் கழித்துத்தான் எழுந்தேன். ஆர் (புள்ளியியல் கணினி மொழி), அதில் இணையப் பக்கம் செய்யும் ஷைனி, படம் வரையும் ஜிஜிபிளாட்2 வைத்து டாஷ்போர்டு போடுகிறவர்கள் யாராவது இதே குழியில் விழுவதற்கு முன் எழுதி வைக்கிறேன். பக்கம் அமைத்தது, டேட்டாபேஸை இணைத்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

வாடிக்கையாளர் புகார் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது என்பதுதான் படம். முதல் தடவை ஓட்டியதும் இடது ஓரத்தில் ஒரே ஒரு பட்டை, ஒற்றைப் பனைமரம் மாதிரி. மற்றபடி வெறும் பொட்டல். காரணம் பிடிபட அரை நாள் ஆனது. இன்னும் முடிக்காத புகார்களுக்கு எங்கள் சிஸ்டம் 9999 என்று போட்டு வைத்திருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜிஜிபிளாட் 30 பிரிவாகப் பிரிக்கும். 9999-ஐ முப்பதாக வெட்டினால் ஒரு பிரிவுக்கு 300 மணி நேரத்துக்கு மேல். பத்து நிமிடத்தில் தீர்ந்த புகாரும் மூன்று நாள் இழுத்த புகாரும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டன.

சரி, 0 முதல் 72 வரை காட்டினால் போதும் என்று, எக்ஸ் அச்சுக்கு எல்லை வைக்கும் எக்ஸ்லிம் கட்டளையைப் போட்டேன். பள்ளியில் நிகழ்வுச் செவ்வகம் வரைவோமே, அப்படி அழகாக வந்தது. மேலாளருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் போன். "ஏம்பா, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சதெல்லாம் எங்க போச்சு? அதைக் காட்டத்தானே இந்தப் படத்தையே கேட்டேன்?"

பார்த்தால், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பட்டையே இல்லை. எங்கள் குழு மார்தட்டிக்கொள்ளும் ஒரே சமாச்சாரம் அதுதான். நடந்தது இது: முதல் பிரிவு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, பூஜ்யத்தை நடுவில் வைத்துக்கொண்டது. அதாவது கழித்தல் ஒன்றேகாலிலிருந்து ஒன்றேகால் வரை. பட்டையின் இடது விளிம்பு என் எல்லைக்கு வெளியே விழுந்ததால் பட்டையையே தூக்கிவிட்டது. வலது கோடியிலும் அதே கதை. 72-க்கு மேல் போன புகார்களையோ எண்ணுவதற்கு முன்பே கழித்துவிட்டது. எக்ஸ்லிம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை, தரவையே நறுக்குகிறது. எச்சரிக்கை வராமல் இல்லை, இரண்டு வந்திருக்கின்றன. சர்வர் லாகில், அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பில். லாகை யார் திறந்து பார்க்கிறார்கள்?

நறுக்காமல் காட்ட கோர்ட்_கார்ட்டீசியன் என்று ஒன்று இருக்கிறது. எல்லையை அதற்குள் கொடுத்தால் தரவைத் தொடாது, பார்வையை மட்டும் குறுக்கும். அவசரத்தில் அதை மட்டும் மாற்றினேன். பழைய பனைமரம் திரும்ப வந்து நின்றது! தரவு முழுசாக இருப்பதால் பிரிவுகளை மறுபடி 9999 வரை பரப்பிவிட்டது. ஆகவே பிரிவின் அகலத்தையும் நாமே சொல்ல வேண்டும். பின்வித்த் (பிரிவின் அகலம்) 2, பவுண்டரி (பிரிவின் விளிம்பு) 0. இந்த பவுண்டரிதான் முதல் பட்டையைச் சரியாகப் பூஜ்யத்தில் தொடங்க வைக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் முதல் பட்டை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். "பட்டைக்குப் பட்டை வித்தியாசமே தெரியலையே, கீழே 20-லேருந்து ஆரம்பியேன்" என்றார் மேலாளர் சார். மறுநாள் மீட்டிங். ஒய் அச்சுக்கு (நிலை அச்சு) எல்லை வைக்கும் ஒய்லிம்மில் 20 போட்டேன். எல்லாப் பட்டையும் மாயம், வெள்ளைத் தாள். யோசித்தால் நியாயம்தான். பட்டை ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து எழும்புகிறது, அடி எல்லைக்கு வெளியே போனால் மொத்தப் பட்டையும் போகும். கோர்ட்_கார்ட்டீசியனில் போட்டால் பட்டை நிற்கும், ஆனால் 40 புகார் இருக்கும் பட்டை 30 புகார் இருக்கும் பட்டையைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். இதை வரைந்தே காட்டினேன். சார் சிரித்துக்கொண்டே பூஜ்யத்துக்கு இறங்கி வந்தார்.

9999-களைப் படத்திலிருந்து எடுத்து, "முடிக்காதவை" என்று மேலே தனி எண்ணாகப் போட்டுவிட்டேன். 72-ஐத் தாண்டியவற்றைப் படத்துக்காக மட்டும் 73 என்று மாற்றி, எல்லையை 74 ஆக்கி, கடைசிப் பட்டைக்கு "72+" என்று பெயர் வைத்தேன். 72 என்றே மாற்றினால் 71 மணி நேரக்காரர்களோடு கலந்துவிடும், கவனம். சராசரியை இந்த மாற்றிய எண்ணில் கணக்குப் போடாதீர்கள்.

டாஷ்போர்டில் நிறுவனத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் ஒய் அச்சு தானாக ஏறி இறங்கி, சின்னக் கிளையும் பெரிய கிளையும் ஒரே மாதிரி தெரிந்தன. அதற்கு கோர்ட்_கார்ட்டீசியனில் உச்சத்தை 150 என்று கட்டிப்போட்டேன். அடுத்த மாதமே ஒரு கிளையின் முதல் பட்டை அதைத் தாண்டி, தலை சீவிய இளநீர் மாதிரி தட்டையாக நின்றது. ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது எல்லாக் கிளைகளின் பட்டைகளையும் முன்கூட்டியே எண்ணி, அதில் பெரியதை உச்சமாக எடுக்கும்படி எழுதிவிட்டேன்.