மூச்சு வாங்காமல் ஓடப் பழகுகிறேன்: இதுவரை நடந்தது

கொஞ்சம் எட்டி நடந்தாலே எனக்கு மூச்சு இரைக்கும். இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் 'ஷார்ட் விண்டட்' என்பார்கள். சுருக்கமாகப் பேசி முடிப்பவரையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. நான் மாற்ற நினைத்தது முதல் வகையை.

இரைக்கும்போது உண்மையிலேயே ஆக்சிஜன் குறைகிறதா என்று முதலில் பார்த்தேன். வேகமாக மாடிப்படி ஏறி, மேலே நின்றதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக் கையை அசைக்காமல் வைத்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, திரையில் 97 சதவீதம், ஆக்சிஜன் குறையவே இல்லை! இது எனக்குப் பெரிய திறப்பு. ஓடும்போது மூச்சு கூடுவது முக்கியமாகத் தசைகள் தள்ளும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றத்தான். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். அதைச் சரிக்கட்ட மூளைத்தண்டு இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்லும். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும். கடும் உழைப்பில் அது 100 லிட்டரையும் தாண்டலாம்.

அப்படியானால் பழக்க வேண்டியது அந்த எல்லையை. பயிற்சியால் நுரையீரல் பெரிதாக மாறுவதில்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் தள்ளும், தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்களும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். அதே வேகம் உடம்புக்கு லேசாகிவிடும்.

ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிற வேகத்தில் மட்டும் ஓடினேன். வாக்கியம் நடுவில் உடைந்தால் உடனே நடை, பேச்சு திரும்பியதும் மறுபடி ஓட்டம். உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நீளமாக மூச்சை விட்டால் சீக்கிரம் நிதானமாகிறது. ஓடி முடித்ததும் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் இரைப்புக்கு ஓர் எண் எழுதி வைக்கிறேன். கடிகாரத்தைவிட அந்த எண்ணைத்தான் நம்புகிறேன். தொடக்கத்தில் 6 எழுதிய அதே பாதைக்கு, அதே வேகத்துக்கு, இப்போது 3 எழுதுகிறேன். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொண்டேன். ரத்தசோகையாலும் மூச்சு வாங்கும், ஆனால் ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டாது. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தாலும், இருப்பவை ஆக்சிஜனால் நிறைந்திருந்தால் எண் நன்றாகவே வரும். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரைப்பு, இதில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

ஏற்றம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. மேடு தொடங்கியதுமே வாக்கியம் இரண்டு மூன்று சொல்லில் நின்றுவிடுகிறது. இனி ஏற்றத்தை நடந்தே ஏறி, சமதளம் வந்ததும் ஓடிப் பார்க்கப் போகிறேன்.