குதிரைக்கு ஈரல் கோளாறா? காரணம் பிடிபடாமல் கழிந்த மாதங்கள்

என் குதிரைக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால் "ஈரல் அழற்சி" என்று சொல்லிவிடுவேன். எதனால் வந்தது என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் சிக்கல். ரத்தம் எடுத்தாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று, ஈரலிலிருந்து துணுக்கும் எடுத்துப் பார்த்தாயிற்று. சந்தேகம் ஒன்று இருக்கிறது, நிரூபணம் இல்லை. குதிரை சரியாக இல்லை, ஆனால் என்னவென்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்ற நிலையில் தவிப்பவர்களுக்கு இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

செம்பழுப்புப் பெண் குதிரை, நடுவயது. மூஞ்சியில் அகலமான வெள்ளைப் பட்டை, பின்னங்கால் இரண்டும் வெள்ளை. தீனித் தொட்டியைக் காலி செய்யாமல் தலையை எடுக்காதவள், பாதித் தானியத்தை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நிற்க ஆரம்பித்தாள். எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சேணம் போட்டால் நடப்பாள், ஆனால் வேண்டாவெறுப்பாக. இரண்டொரு தடவை லேசான வயிற்றுவலி வந்து தானாகவே போனது. குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. இவளுக்கு இரண்டும் பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருந்தன. ஒரேயடியாகக் காய்ச்சல் ஏறியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் போல, குறைந்தபட்சம் ஓடிப்போய்ச் சொல்ல ஒன்று இருந்திருக்கும்.

வழக்கமான சந்தேகங்களை முதலில் கழித்தோம். பல் பார்த்தாயிற்று, கூர்முனை இல்லை. லத்தியில் குடற்புழு முட்டை எண்ணினால் மிகக் குறைவு. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி ஒட்டுண்ணிக் கிருமி தெரிகிறதா என்றும் பார்த்தார்கள், அதுவும் இல்லை. இரைப்பைப் புண்ணாக இருக்கலாம் என்று கொஞ்ச நாள் அந்த வழியில் போனோம், மாற்றம் ஒன்றும் இல்லை.

அப்புறம் முழு ரத்தப் பரிசோதனை. அதில்தான் ஜிஜிடி என்ற எண் 200-ஐத் தாண்டி நின்றது. அந்த ஆய்வகத்தின் மேல் எல்லை 40 சொச்சம். இந்த நொதி உயர்ந்தால் குதிரையில் முதலில் பார்க்க வேண்டியது ஈரலும் பித்தக் குழாய்களும்தான். ஏஎஸ்டி என்ற இன்னொன்றும் கூடியிருந்தது. ஆனால் அது தசையிலிருந்தும் வரும் என்பதால் தசைக்கான சிகே எண்ணையும் சேர்த்துப் பார்த்தார் டாக்டர். சிகே சாதாரணமாக இருந்தது, அதனால் சந்தேகம் ஈரல் பக்கமே சாய்ந்தது.

பிலிருபினும் ஏறியிருந்ததைப் பார்த்து நான் மஞ்சள் காமாலை என்றே முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் நிறுத்தினார். குதிரை சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே பிலிருபின் ஏறும், ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும், ஈரல் நன்றாக இருந்தாலும் சரி. ஈரல் பதப்படுத்திய வகை பிலிருபின் எவ்வளவு பங்கு என்று பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு என்றார். மஞ்சளைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

"ஈரல் அடிபட்டிருக்கு, அது நிச்சயம். ஈரல் வேலை செய்யலைன்னு இதை வெச்சு சொல்ல முடியாது. ரெண்டும் வேற வேற கேள்வி" என்றார். எனக்கு அதுவரை இரண்டும் ஒன்றுதான். நொதிகள் செல்கள் சேதமாவதைக் காட்டும், வேலைத்திறனைக் காட்டாது. அதற்குப் பித்த அமிலம் என்ற சோதனை இருக்கிறது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, பித்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் பட்டினி போட்டு எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. இவளுக்கு அது எல்லையை ஒட்டி லேசாக மேலே இருந்தது. சரியாகச் சாப்பிடாத குதிரைக்கு அந்த அளவு வருவதுண்டு என்றும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படித்ததில் ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது: ஈரலின் வேலைத்திறனில் பாதிக்கும் மேல், சிலர் கணக்கில் முக்கால் பங்குவரை, போன பிறகுதான் ஈரல் செயலிழப்பின் அறிகுறிகள் வெளியே தெரியும். அப்படியானால் இவள் சோர்ந்து நிற்பது எதைச் சொல்கிறது? மறுநாள் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். சோர்வும் பசியின்மையும் அழற்சியாலேயே வரலாம், செயலிழப்பு என்றால் கவனிக்கவேண்டியது வேறு என்று ஒரு பட்டியல் சொன்னார். அடிக்கடி கொட்டாவி விடுவது, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்பது, நோக்கமில்லாமல் ஒரே பக்கமாகச் சுற்றி வருவது, வாயில் புல்லை வைத்துக்கொண்டே தூங்குவது, பழகின வாசல் தெரியாமல் இடித்துக்கொள்வது. ஈரல் வடிகட்டவேண்டிய அம்மோனியா மாதிரியான நச்சுகள் மூளைக்குப் போவதால் வருவது. அப்படி ஏதாவது கண்டால் கொட்டடிக்குள் தனியாகப் போகாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்றார். அந்த நிலையில் குதிரை நம்மை மிதித்துவிடும், அதுக்கே தெரியாது.

அதிலிருந்து அவள் கொட்டாவி விட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். கடிவாளத்தைக் கழற்றினால் எந்தக் குதிரையும்தான் கொட்டாவி விடும்! லாயத்தில் உதவிக்கு இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, "தம்பி, நீ பாத்துக்கிட்டே நின்னா அதுக்கு இன்னும் ரெண்டு வரும்" என்றார். எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினேன். கொட்டாவி, காலை மாலை வெப்பம், தண்ணீர், லத்தி, மார்பைச் சுற்றி எடுக்கும் எடை நாடாவின் அளவு என்று தினமும் ஒரு பக்கம். "நேற்றைவிட மோசம்" என்று தோன்றிய பல நாட்களில் நோட்டைப் புரட்டினால் நேற்று மாதிரியே இருக்கும்.

ஈரல்தான் என்பதை எனக்கு உறுதியாக்கியது ஆய்வகத் தாள் அல்ல, அவள் மூக்கு. வெள்ளைப் பட்டைக்குக் கீழே இளஞ்சிவப்பாக இருக்கும் தோல் முதலில் சிவந்தது, பிறகு தடித்துப் பொருக்குத் தட்டியது. பழுப்பு முடி தொடங்கும் கோட்டில் புண் கத்தியால் வெட்டினது போல நின்றுவிட்டது, அந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. பின்னங்கால் வெள்ளையிலும் அதே கதை. புல்லில் இருக்கும் பச்சையம் குடலில் சிதைந்து ஃபில்லோஎரித்ரின் என்ற பொருள் ஆகும். நல்ல ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். முடியாதபோது அது ரத்தத்தில் சேர்ந்து தோலுக்கு வரும், நிறமில்லாத தோலில் வெயில் பட்டதும் வெந்துபோகும். வெயில் புண் என்று களிம்பு மட்டும் தடவிக்கொண்டு ஈரலை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்க நிழலில் கட்டி, இருட்டிய பிறகுதான் வெளியே விட்டோம். மூஞ்சிக்கு மூடி போட்டோம். அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, காரணம் என்ன? டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். என்ன மருந்து கொடுத்தீர்கள், எவ்வளவு நாள்? இரும்புச்சத்து டானிக் உண்டா? குதிரை ரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரம் கலந்த ஊசி ஏதாவது போட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அர்னால்ட் தீலர் என்ற கால்நடை விஞ்ஞானி, ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய்க்குத் தடுப்பாகச் சீரம் ஏற்றிய குதிரைகள் சில வாரம் கழித்து ஈரல் கெட்டுச் சாவதை 1918-இல் பதிவு செய்தார். அதோடு தொடர்புள்ள பார்வோ வைரஸ் ஒன்று பிடிபட்டது 2018-இல்தான், சரியாக நூறு வருஷம் கழித்து. ஆனால் அந்த வைரஸ் ஒரு கோளாறும் இல்லாத குதிரைகளிலும் கிடைக்கிறது. சோதனையில் இருக்கிறது என்று வந்தாலே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு தீனி. கிலுகிலுப்பை வகைகள், தேள்கொடுக்கு, செனெசியோ ஆகிய செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு உண்டு. பச்சையாக இருந்தால் கசப்பினால் குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். காய்ந்த புல்கட்டுக்குள் மாட்டிக்கொண்டால் மற்றதோடு சேர்த்துத் தின்றுவிடும், காய்ந்தாலும் நஞ்சு போகாது. தின்று பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் நோய் தெரியும். கெடுத்த புல் அதற்குள் லத்தியாகிப் போயிருக்கும், நாம் கையில் வைத்துச் சோதிப்பது வேறு கட்டு. நான் மிச்சமிருந்த கட்டுகளைத் தரையில் பிரித்துப் போட்டு ஒவ்வொரு தண்டாகப் பார்த்தேன். தடித்த களைத் தண்டுகள் கொஞ்சம் கிடைத்தன, இலை பூ எல்லாம் பொடிந்துவிட்டதால் என்ன செடி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பூஞ்சை நஞ்சாகவும் இருக்கலாம், அது கண்ணுக்கே தெரியாது.

இந்த இடத்தில் டாக்டர் சொன்ன ஒரு யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். கூட இருக்கும் குதிரைகளுக்கும் ரத்தம் எடுங்கள் என்றார். எதற்கு, அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று நினைத்தேன். அடுத்த கொட்டடியில் காயடித்த ஆண் குதிரை ஒன்று, மினுமினுவென்று, தொட்டியை நக்கிக் காலி செய்துகொண்டிருந்தது. அவனுக்கும் ஜிஜிடி கூடியிருந்தது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று என்றால் பித்தக்கல், கட்டி மாதிரியானவை பின்னுக்குப் போய்விடும், தீனியும் தொற்றும் முன்னுக்கு வரும். அன்றைக்கே பழைய புல்லை நிறுத்தினோம். ஒரு குதிரைக்கு விலை அதிகமான பத்துச் சோதனை செய்வதற்கு முன்னால் பக்கத்துக் குதிரைக்கு எளிய சோதனை ஒன்று செய்வது எவ்வளவோ மேல்.

ஈரல் துணுக்குச் சோதனைக்கு நான் சம்மதிக்கத் தயங்கினேன். ஈரலில் ஊசி என்றால் ரத்தக்கசிவு பயம். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். மயக்க ஊசி போட்டதும் தலை தொங்கிவிட்டது, ஆனால் நின்றபடியேதான் இருந்தாள். வலது பக்க விலா முடியைச் சிரைத்து, ஸ்கேனில் ஈரல் எங்கே, நுரையீரல் ஓரம் எங்கே, குடல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி போனது. ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே வந்தது செங்கருப்பாக ஒரு மெல்லிய இழை. ஒரு பங்கு ஃபார்மலின் குப்பிக்கு, இன்னொரு பங்கு கிருமி வளர்த்துப் பார்க்க. அவள் அரைத்தூக்கத்தில் என் சட்டையில் எச்சில் வடித்தாள்.

முடிவு வந்தது: மிதமான அழற்சி, பித்தக் குழாய்கள் கொஞ்சம் பெருகியிருக்கின்றன, தழும்பு போன்ற நார்த்திசு மிகக் குறைவு, கிருமி வளரவில்லை. செடி நஞ்சுக்கு அடையாளமாக ஊதிப் பெருத்த செல்கள் தெரியும் என்பார்கள், அது தெளிவாக இல்லை. காரணம் சொல்லாத அறிக்கைக்கா இவ்வளவு பாடு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் டாக்டர் முகம் மலர்ந்ததைக் கவனித்தேன். அவர் தேடியது காரணத்தை அல்ல, நார்த்திசுவை. அது பெருகியிருந்தால் ஈரல் மீளும் வாய்ப்புக் குறைவு, இல்லையென்றால் ஈரல் தன்னைத்தானே சரி செய்துகொள்ளும். ஸ்டீராய்டு கொடுப்பதா என்று பேசினோம். குளம்பு அழற்சி வரும் ஆபத்து உண்டு என்பதால் அடுத்த ரத்தப் பரிசோதனைவரை பொறுக்கலாம் என்று முடிவானது.

வைத்தியம் என்று பார்த்தால் பெரும்பாலும் தீனிதான். நல்ல புல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. குதிரைமசால் நிறுத்தம். பீட் சக்கை ஊறவைத்துக் கொஞ்சம். எண்ணெய் சேர்க்கவில்லை. புரதத்தை ஒரேயடியாகக் குறைக்கவும் இல்லை, மூளை அறிகுறி இருந்தால்தான் அதில் கெடுபிடி, இல்லாவிட்டால் தசை கரைந்துபோகும். வலி மாத்திரைகளும் டானிக்குகளும் அலமாரிக்குப் போயின. ஆளுக்கொரு டானிக் சிபாரிசு செய்தார்கள். இரும்புச்சத்து கலந்ததை மட்டும் நான் கையால் தொடவில்லை, குதிரை ஈரலுக்கு அது சுமை. மில்க் திஸில் என்ற மூலிகையின் சாறு குதிரையின் உடலில் சரியாகச் சேர்வதில்லை என்று படித்ததால் அதிலும் எனக்குப் பிடிப்பு வரவில்லை.

அவள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு எடுத்த ரத்தத்தில் ஜிஜிடி முன்பைவிடக் கூடி வந்தது. நோட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது, தாளில் மோசம்! ஜிஎல்டிஹெச் என்ற இன்னொரு நொதி பாதியாகக் குறைந்திருந்ததைக் காட்டினார் டாக்டர். அது சீக்கிரம் இறங்கும், ஜிஜிடி மெதுவாகத்தான் இறங்கும், குணமாகும்போது கொஞ்ச நாள் ஏறுவதும் உண்டு. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவரிடமே சொன்னேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது பித்த அமிலம் இயல்பு, ஜிஜிடி எல்லைக்கு அருகில். மூக்குத் தோல் ஆறிவிட்டது, அந்த இடத்தில் முடி மட்டும் மெல்லியதாக இருக்கிறது. பக்கத்துக் கொட்டடிக்காரனுக்கும் எண்கள் இறங்கிவிட்டன, புல்லை மாற்றியதைத் தவிர அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. புல்தான் காரணம் என்று என் மனசு சொல்கிறது, டாக்டர் அதை எழுத்தில் தர மறுக்கிறார். அவர் மறுப்பது நியாயம்தான். புதுப் புல் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடியைத் தேதி எழுதிய காகிதப் பையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் ஆறேழு மாதம் வைத்திருக்கிறேன். இனி எந்தக் குதிரைக்கு எண் ஏறினாலும், அது முன்பு தின்ற புல்லில் கொஞ்சமாவது சோதனைக்குக் கொடுக்க இருக்கும்.