காம்பியா: கடற்கரையை விட்டு ஆற்றோடு மேலே

கொலோலி கடற்கரையில் நான் தங்கியிருந்த விடுதியின் காலைச் சிற்றுண்டி மேசையில் இருந்த வெண்ணெய், ஜாம், ஆரஞ்சுச் சாறு எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியவை. விடுதி மதிலுக்கு அப்பால், மணலில் வரிசையாகக் குடில் போட்டு, உள்ளூர்க்காரர்கள் பழங்களைப் பிழிந்து வைத்துக்கொண்டு ஆள் வரக் காத்திருந்தார்கள். பல ஆண்டுகள் விடுதித் தொழிலில் இருந்தவன் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். பயணி செலவழிக்கும் பணம் மதிலைத் தாண்டி ஊருக்குள் போகவில்லை. மார்ச் மாதத்தில் காம்பியாவில் நான் கழித்த 12 நாட்களும், அந்தப் பணம் ஊருக்குள் போக என்ன வழி என்ற தேடலாகவே அமைந்துவிட்டன.

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு காம்பியா. மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்திருக்க, ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர்தான். 1965 பிப்ரவரியில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது; அதே ஆண்டில் பெர்டில் ஹார்டிங் என்ற சுவீடன் நாட்டுக்காரர் சுமார் 300 பயணிகளை அங்கே அழைத்து வந்தார். கொலோலி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஐரோப்பா பனியில் உறைந்திருக்கும்போது சில மணி நேர விமானப் பயணத்தில் வெயிலும் மணலும் கிடைக்கும் என்பதே அன்று விற்ற சரக்கு; இன்றும் பெரும்பாலும் அதுவே விற்கிறது. நவம்பரில் தொடங்கும் பருவம் ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் பல விடுதிகள் கதவைச் சாத்திக்கொள்ள, வேலையாட்கள் கூலியின்றி ஊர் திரும்புகிறார்கள்.

ஒரே சரக்கை ஒரே சந்தைக்கு விற்பவன் படும் பாட்டை இந்த நாடு நன்றாகவே பட்டிருக்கிறது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் எபோலா பரவியபோது, காம்பியாவில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. ஆனாலும் பயணிகள் வரத்து குறைந்தது. 2019 செப்டம்பரில், பருவம் தொடங்கும் தறுவாயில், பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் திவாலானது. அதை நம்பி அறைகளை ஒதுக்கி வைத்திருந்த விடுதிகள் திகைத்து நின்றன. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. ஆகவே, முதலீடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் கடலோரத்தில் இன்னொரு பெரிய விடுதி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

தலைநகர் பாஞ்சூலை ஒட்டிய தன்பி சதுப்பு நிலத்தில், அலையாத்தி மரங்களின் வேர்களில் ஒட்டி வளரும் சிப்பிகளைப் பெண்கள் வெட்டி எடுப்பதை ஒரு காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் வடிந்த நேரத்தில் சிறு படகில் உள்ளே போகிறார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வேர் அறுபடாமல் சிப்பியை மட்டும் கத்தியால் நெம்புகிறார்கள். கரையில் அவற்றை வேகவைத்துச் சதையைப் பிரித்தெடுத்தபின், குவியும் ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். இவர்களின் ‘ட்ரை’ என்ற சங்கத்துக்கு 2012-இல் அந்தச் சதுப்பில் சிப்பி எடுக்கும் தனியுரிமையை அரசு வழங்கியது. அதே ஆண்டில், இயற்கையைக் காத்துப் பிழைக்கும் ஊர்ச் சமூகங்களுக்கு வழங்கப்படும் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது. ஆண்டின் பெரும்பகுதி சிப்பிக்குக் கை வைக்காமல் அதை வளரவிடுவது என்று அவர்களே முடிவு செய்து கடைப்பிடிக்கிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் விடுதிகளின் உணவுப் பட்டியலில் இந்தச் சிப்பி இடம்பெறுவதற்குத் தேவை குளிர்பதனப் பெட்டியும், சுகாதாரச் சான்றும், நாள் தவறாமல் கொண்டு சேர்க்க ஒரு வண்டியும்தான். கோடிகள் தேவைப்படாத இதுவும் சுற்றுலா முதலீடுதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மறுநாள் பாஞ்சூலிலிருந்து பாரா செல்லும் பெரும்படகில் ஏறி வடகரைக்குப் போனேன். அங்குள்ள அல்பிரெடா கிராமத்திலிருந்து ஒரு சிறு படகு ஆற்றின் நடுவே உள்ள குன்டா கின்டே தீவுக்குக் கொண்டு சேர்த்தது. அடிமை வணிகத்தின் சாட்சியாக 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட இத்தீவை நீர் அரித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே அடிமை வணிகக் கோட்டை இயங்கிய காலத்தில் இருந்த நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் இன்று எஞ்சியிருக்கிறது. இடிந்த சுவர்களுக்கு நடுவே பெருக்கமரங்கள் இலையுதிர்த்து நின்றன. இவ்வளவு துயரத்தைச் சுமந்த இடத்துக்கு வரும் பயணி அரை மணி நேரத்தில் படகேறிவிடுகிறார். அவரை ஓர் இரவாவது கரையில் இருக்கும் ஜுஃபுரே கிராமத்தில் தங்கவைக்க முடிந்தால் அந்த ஊரின் நிலைமையே மாறும்.

அங்கிருந்து சாலை வழியே கிழக்கே போகும்போது ஃபராஃபென்னி நகருக்கு அருகில் செனகாம்பியா பாலத்தைப் பார்க்கலாம். 942 மீட்டர் நீளமான அந்தப் பாலம் 2019 ஜனவரியில் திறக்கப்படும்வரை, சரக்கு லாரிகள் ஆற்றைக் கடக்க நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. சாலை இவ்வாறு முன்னேறியிருக்க, ஆறு மட்டும் பின்தங்கிவிட்டது. ஒரு காலத்தில் தலைநகரிலிருந்து நாட்டின் கிழக்கே உள்ள பாஸே நகர் வரை ஆளும் சரக்கும் ஏற்றிச் சென்ற ‘லேடி சிலெல் ஜவாரா’ என்ற கப்பல் 1984-இல் மூழ்கியது. அதன் இடத்தை நிரப்ப அப்படியொரு கப்பல் பிறகு வரவில்லை. எனக்கு முதலிடுவதற்குப் பணமிருந்தால் இந்த ஆற்றில் ஒரு நல்ல படகு விடுவதைத்தான் முதலில் செய்வேன்.

வடகரையில் வாசு என்ற ஊரில் இருக்கும் பழங்காலக் கல்வட்டங்கள் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. செம்பூராங்கல்லைத் தூண்களாகச் செதுக்கி, புதைகுழிகளைச் சுற்றி வட்டமாக நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும், வந்தவர்கள் வேண்டிக்கொண்டு வைத்த கூழாங்கற்கள் நிறைந்திருக்கின்றன. நான் போன நேரத்தில் என்னைத் தவிர அங்கே வேறு பயணி எவரும் இல்லை. பக்கத்திலுள்ள குன்டாவூரிலிருந்து படகில் போனால் ஆற்றுத் தீவுகளில் வாழும் சிம்பன்சிகளைப் பார்க்கலாம். தீவில் இறங்க யாருக்கும் அனுமதியில்லை. எட்ட நின்று பார்ப்பதோடு சரி. அந்தக் கட்டுப்பாடு எக்காரணம் கொண்டும் தளரக் கூடாது.

முதலீட்டாளருக்கான அரசு வாயில் கியேபா எனப்படும் முதலீட்டு, ஏற்றுமதி ஊக்குவிப்பு முகமை. சுற்றுலா அதன் முன்னுரிமைத் துறைகளில் ஒன்று. தகுதி பெறும் திட்டங்களுக்கு வரிச்சலுகை உண்டு. கடலோரத்தில் சுற்றுலா வளர்ச்சிக்கென ஒதுக்கிய நிலத்தைக் குத்தகைக்குப் பெறலாம். இந்த வசதிகள் எல்லாம் கடலோரத்தை மனத்தில் வைத்தே வளர்ந்தவை. ஆனால் 550க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கும் இந்நாட்டில், பறவை பார்க்க வருபவர் வெயிலுக்கு வருபவரைவிட அதிக நாள் தங்குவார், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவார், ஆற்றில் மேலே போவார். ஆற்றில் வாழ்வதாக நம்பப்படும் நாகத்தின் பெயரால் ‘நிங்கி நங்கா’ என்ற பயணத் தடம் ஆற்றங்கரைக் கிராமங்களை இணைக்கிறது. வழி திறந்திருக்கிறது, அதில் நடப்பவர் தொகை பெருக வேண்டும்.

ஆற்றில் இன்னும் மேலே, ஜாஞ்சன்புரே தீவில் நான் தங்கிய இடம் ஆறு குடில்கள் கொண்டது. அதை நடத்தும் அம்மையார் இரவு உணவுக்கு வேர்க்கடலைக் குழம்பாகிய தொமொதா சமைத்துப் பரிமாறினார். அரிசி, கடலை, மீன் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் வாங்கியவை. வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்டேன். “வட்டியைக் கட்டினால் கூலி கொடுக்க முடியாது ஐயா. ஒவ்வொரு பருவத்தின் வருமானத்திலும் கொஞ்சம் எடுத்துக் குடில் கட்டுகிறேன்,” என்றார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். ஏழாவது குடிலின் சுவர் என் தோளுயரத்துக்கு எழும்பியிருந்தது. கூரைக்கான பனஞ்சட்டங்கள் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. சன்னல் வைக்க விட்டிருந்த இடைவெளியில் ஆறு தெரிந்தது.