பிஸி போர்டு: தாழ்ப்பாள் ஒருவழியாக நகர்ந்துவிட்டது

பிஸி போர்டில், அதாவது குழந்தை தள்ளி, இழுத்து, திறந்து விளையாட நிஜ வீட்டுச் சாமான்களைப் பொருத்திய பலகையில், இழுத்துக்கொண்டே இருந்த தாழ்ப்பாள் வேலை இந்த வாரம் முடிந்தது. கீல் கதவு, ஜிப், காஸ்டர் சக்கரம், ஸ்விட்ச் எல்லாம் இன்னும் மேசையில்தான் கிடக்கின்றன. முழு போர்டும் சுவரேற இன்னும் நாளாகும். ஆனால் இந்த ஒரு தாழ்ப்பாள் கொடுத்த குடைச்சலுக்குத் தனியாக ஒரு பதிவு எழுதாவிட்டால் மனசு ஆறாது. பலகை அறுப்பதும் தேய்ப்பதும் உங்களுக்குத் தெரிந்த சங்கதி, அதற்குள் போகவில்லை. 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட், விளிம்பு முழுக்க 6 மி.மீ. ரவுண்ட் ஓவர் (கூர் போக உருட்டியது), 240 நம்பர் வரை உப்புத்தாள், நடுவில் ஈரத்துணியால் துடைத்து எழும்பின நாரை மறுபடி தேய்த்தது, மேலே ஷெல்லாக் என்கிற அரக்குப் பூச்சு. அவ்வளவுதான்.

இதை ஆரம்பித்ததற்கே காரணம், வீட்டுச் சாமான்கள் மேல் மகளுக்கு இருக்கிற மோகம். ஒன்றரை வயது. பொம்மைக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கூடையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிற ரகம். இப்போதைக்கு முதலிடம் பாத்திர மூடிகளுக்கு, அதிலும் குமிழ் வைத்த எவர்சில்வர் மூடிக்கு. அதை விளிம்பில் நிறுத்திச் சுழற்றிவிட்டால், சாயச் சாய வேகமெடுத்து, கிணுகிணுவென்று இரைந்து, சட்டென்று நிற்கும். நிற்கிற வரை மூச்சுவிடாமல் பார்ப்பாள். அதற்கப்புறம் அளவுக் கரண்டிக் கொத்து, துணி க்ளிப் டப்பா, காலி அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தேசியப் பொம்மைப் புகழ்மண்டபம் 2005-லேயே அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. 2008-ல் வெறும் குச்சியையும் சேர்த்தார்கள்!

அவள் திரும்பத் திரும்ப எடுக்கிற சாமான்களை உட்கார்ந்து கவனித்தால் ஒன்று புரிகிறது. எல்லாமே முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு இணங்கும், இணங்கியதும் ஒரு சத்தம் போடும். டப்பா மூடி, அலமாரிக் கைப்பிடி, ஸ்விட்ச் எல்லாம் அப்படித்தான். கடையில் விற்கிற போலி ரிமோட்டில் இது எதுவும் கிடையாது. எங்கே அமுக்கினாலும் அதே பாட்டு. கையில் வாங்கி ஒருமுறை எடை பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். குழந்தைக்குப் பொம்மை செய்கிற நாம் வண்ணத்தையும் வடிவத்தையும் கட்டிக்கொண்டு அழுகிறோம். அவர்களுக்கு வேண்டியது அந்த முரண்டும் அந்தச் சத்தமும்தான் என்பது என் கட்சி.

குழந்தைக் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட் சொன்ன புதையல் கூடை இதைத்தானே செய்கிறது? உட்காரத் தெரிந்த, ஆனால் இன்னும் தவழாத குழந்தை முன்னால் ஒரு தாழ்வான கூடையில் மரம், உலோகம், துணி, தோல் என்று வீட்டுப் பொருட்கள், ப்ளாஸ்டிக்குக்கு இடமில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு டப்பா, வளையம், சங்கிலி என்று போட்டு எடுக்கிற விளையாட்டு. இவள் இப்போது அந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கிறாள்.

சரி, தாழ்ப்பாள்.

கதவுக்குப் போடுகிற 4 அங்குல டவர் போல்ட், கம்பி 10 மி.மீ. கனம். துருப்பிடிக்காத எஃகுதான் வாங்கினேன். பித்தளை பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் எந்திரத்தில் சுலபமாக வெட்டுப்படட்டும் என்று பல பித்தளைக் கலவைகளில் ஈயம் சேர்ப்பார்கள். எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் போகிற வயதில் அது வேண்டாம். பித்தளைச் சாவிக்கொத்தைக் கேட்டு அடம்பிடித்தாலும் கரண்டிக் கொத்தை நீட்டுவது இதனால்தான். குரோம் முலாம் போட்டதும் கழிந்தது. உரிந்து வந்தால் செதில் கத்தி மாதிரி இருக்கும்.

இதில் பெரிய வில்லங்கம் என்னவென்றால், கையில் வைத்துத் தள்ளினால் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடும். பலகையில் வைத்து முடுக்கியதும் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் விரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை வயது விரலுக்கு அது பூட்டிய கதவு. எண்ணெய் விட்டால் தீரும் என்று பலரும் சொல்வார்கள். தீராது. சிக்கல் உராய்வில் இல்லை, தகடு முறுக்கிக்கொள்வதில் இருக்கிறது. மலிவான டவர் போல்டில் கம்பியைப் பிடிக்கிற காதுகள் அதே தகட்டிலிருந்து வெட்டி வளைத்தவை. பலகை துளி மேடுபள்ளமாக இருந்தாலும், முடுக்கும்போது தகடு அதோடு சேர்ந்து வளையும்; காதுகள் ஒரே கோட்டில் நிற்காமல் கம்பியைக் கவ்வும்.

எந்தத் திருகு குற்றவாளி என்று பார்க்க, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று தளர்த்திக் கம்பியை நகர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சட்டென்று லேசாகிறதோ அந்த மூலையில்தான் கோளாறு. இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. திருகின் தலை கூம்பாக இருப்பதால், மரத்தில் போட்ட துளை அரை மி.மீ. விலகினாலும் தலை தகட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். அதனால் மரத்திருகையே விட்டுவிட்டு எம்4 போல்டுக்கு மாறினேன். மரத்தில் துளை 5 மி.மீ., போல்ட் 4 மி.மீ.; நடுவில் இருக்கிற அந்தத் தளர்ச்சியில் போல்ட் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது, தகட்டை இழுப்பதில்லை. பின்பக்கம் டோம் நட் (போல்டின் முனையை மூடுகிற குமிழ்த்தலை நட்), அதற்கு மேல் 6 மி.மீ. மூடுபலகை.

மேடுபள்ளத்துக்கு மருந்து உளிதான். தகட்டின் அளவுக்குப் பலகையில் ஒரு மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, எஃகு ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்கேலுக்கடியில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அதைச் சுற்றி மேடு. அந்த மேட்டைச் சுரண்டு, மறுபடி பார், மறுபடி சுரண்டு. ரௌட்டரில் (மரத்தில் பள்ளம் குடைகிற மின்கருவி) எடுத்தாலும் மூலையை உளியால்தான் முடிக்க வேண்டும். தகடு பலகைக்குள் இறங்கிவிட்டதால் அதன் கூர் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பது கூடுதல் லாபம். குட்டி நகங்கள் முதலில் போய் நோண்டுவது அந்த விளிம்பைத்தான்.

அடுத்தது பிசிறு. காதுகளின் உள்பக்கம் வெட்டுக்கூர் அப்படியே இருக்கும், கடையில் பார்க்கும்போது தெரியாது. ஒரு மெல்லிய மரக்குச்சியில் 400 உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தேன். கம்பியின் முனையை அரத்தால் உருட்டி, 600-ல் முடித்தேன். உயவுக்குத் தேன்மெழுகு மட்டும்: கம்பியில் தேய்த்து, துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் விட்டால் தூசி பிடித்துக் கறுப்பாகி, அதுவே புது முரண்டாகிவிடும்.

இதெல்லாம் செய்த பிறகு கம்பி அநியாயத்துக்கு லேசாகிவிட்டது! போர்டைச் சாய்த்தால் தானே ஓடியது. முரண்டே இல்லையென்றால் தள்ளுவதில் என்ன சுவை? ஒரு காதை மட்டும், நடுவில் தோல் துண்டு வைத்துக் குறட்டால் இம்மியளவு அமுக்கினேன். என் கணக்கு இது: கம்பி மேல்கீழாக நிற்கும்படி போர்டைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கக் கூடாது, பலகையை விரலால் தட்டினால் இறங்க வேண்டும். இந்த அளவு கிடைத்தால் ஒற்றை ஆள்காட்டி விரலுக்கு அது மசிகிறது.

விரல் என்றதும் முக்கியமான விஷயம். கம்பியைக் கடைசி வரை தள்ளினால் அதன் குமிழ் போய்க் காதில் முட்டும். நடுவில் ஒரு விரல் இருந்தால் நசுங்கும். பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் கீல் இடைவெளிக்கு ஒரு கணக்கு உண்டு: 5 மி.மீ. குச்சி உள்ளே போகுமானால் 12 மி.மீ. குச்சியும் போக வேண்டும். அதாவது ஒன்று விரலே நுழையாத சந்து, இல்லையென்றால் விரல் தாராளமாகப் போய்வரும் சந்து. நடுத்தரமான சந்துதான் ஆபத்து. அதையே இங்கேயும் பிடித்துக்கொண்டேன். கம்பி நுழைகிற இடத்தில் கூட வந்த எஃகு வளையத்தைப் போடாமல், துளை போட்ட மரக்கட்டை ஒன்று வைத்தேன். துளை ஊடுருவாது, அதன் அடியில் கம்பியின் மூக்கு முட்டி நிற்கும்போது குமிழுக்கும் காதுக்கும் நடுவில் 13 மி.மீ. மிச்சம். பின்னால் இழுக்கும்போதும் வால்பக்கம் ஒரு கட்டை அதே வேலையைச் செய்கிறது.

இவ்வளவும் செய்து கொடுத்தால், மகாராணி ஒரு தடவை தள்ளிவிட்டுப் பாத்திர மூடியைத் தேடிப் போய்விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “ஏன்டா இந்தப் பாடு, அந்த அலமாரித் தாழ்ப்பாளையே காட்டிவிட்டுப் போயேன்” என்றார்கள். எரிச்சலாக இருந்தாலும் பதில் அதில்தான் இருந்தது. அலமாரித் தாழ்ப்பாள் டக்கென்று சத்தம் போடும்; என் கட்டையில் கம்பி மரத்தில் முட்டி ஊமையாக நின்றது. துளையின் அடியில் ஒரு கனமான எஃகு வாஷரை எபாக்ஸி போட்டு ஒட்டினேன். இப்போது ‘டிங்’. அந்த வாஷர் கனத்துக்குத் துளையை இன்னும் 2 மி.மீ. ஆழப்படுத்த வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கம்பி போதிய அளவு நுழையாது. வேலை அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளை அந்த போர்டிலிருந்து பிரித்துச் சாப்பிட உட்கார வைப்பது எங்கள் பாடாகிவிட்டது. தள்ளுவாள், டிங், திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள், இழுப்பாள், மறுபடி தள்ளுவாள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு புலம்பல். இணையத்தில் வாங்கிய தாழ்ப்பாளோடு வந்த திருகுகள் துருப்பிடிக்காத எஃகே இல்லை, முலாம் பூசிய சாதா இரும்பு. நீளமோ 19 மி.மீ., 12 மி.மீ. பலகையைத் துளைத்துக்கொண்டு பின்னால் எட்டிப்பார்க்கும். படத்தில் இருந்த ஒன்று, பெட்டியில் இருந்த ஒன்று. கேட்டால் ‘மாடல் மாறிவிட்டது’ என்று ஒரு வரி பதில். ஹார்டுவேர் கடைக்கே நேரில் போய், நாலைந்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்து, காது நேராக இருப்பதைப் பொறுக்குவதே மேல். காந்தம் ஒட்டாவிட்டால்தான் துருப்பிடிக்காத எஃகு என்று காந்தத்தோடு போகிறவர்களுக்கு: துருப்பிடிக்காத எஃகிலேயே காந்தம் ஒட்டுகிற ரகங்கள் உண்டு, அதனால் ஒட்டியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். டோம் நட் ப்ளம்பிங் சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. அங்கேதான் வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுகளும் கண்ணில் பட்டன. பந்து உருட்டும் சரிவு செய்யலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அது வேறு கதை.

தொண்டையில் சிக்குமா என்று சோதிக்கிற அளவுகோலை மரத்திலேயே செய்துகொண்டேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளுக்குச் சோதனை உருளையின் விட்டம் 31.7 மி.மீ., அடி சாய்வாக 25.4-லிருந்து 57.1 மி.மீ. ஆழம் வரை போகும். அந்தச் சாய்வை மரத்தில் குடைவது தலைவலி. 32 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் (அடி தட்டையான பெரிய துளை போடுகிற பிட்) நேராக 58 மி.மீ. ஆழத்துக்குத் துளைத்துவிட்டால் போதும். நிஜ உருளையைவிடப் பெரிது என்பதால் இது இன்னும் கறாரான சோதனை. அமுக்காமல் எந்தப் பக்கமாகப் போட்டாலும் முழுக்க உள்ளே இறங்குகிற சாமான் அவள் கைக்குப் போகாது. பந்துக்கு இது போதாது, 44.5 மி.மீ. வட்டத்தில் நுழையாத பந்தாக இருக்க வேண்டும். துணி க்ளிப் சோதனையில் தேறினாலும், அதன் கம்பிச் சுருள் கழன்று வந்தால் தேறவில்லை. சுருளில்லாத ஒற்றைத் துண்டு மர க்ளிப்புக்கு மாற்றிவிட்டேன். பட்டன் பேட்டரி, குட்டி நியோடைமியம் காந்தம் இரண்டுக்கும் என் மேசையிலேயே தடை. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். அதனால் போர்டில் வரப்போகிற ஸ்விட்சுக்கு விளக்கு கிடையாது, வெறும் ‘டக்’ மட்டும்.

அடுத்து கீல் கதவு. வாங்கி வைத்த கீலில் கதவு மூடும்போது சந்து 8 மி.மீ., அதாவது சரியாக அந்த ஆபத்தான நடுத்தரம். கீலின் அடியில் கட்டை வைத்து 13-க்கு விரிப்பதா, பியானோ கீல் (கதவு நீளத்துக்கும் ஓடுகிற ஒற்றைக் கீல்) வாங்கி 5-க்குக் கீழே ஒடுக்குவதா என்று இரண்டையும் அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பியானோ கீலின் கைதான் ஓங்குகிறது, ஆனால் அதில் வரிசையாக அத்தனை திருகு. கதவைத் திறந்தால் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கலாம் என்று வீட்டில் யோசனை. நிஜக் கண்ணாடி கிடையாது, 3 மி.மீ. அக்ரிலிக் கண்ணாடிதான், அதன் விளிம்பை எப்படிச் சில்லு பெயராமல் அறுப்பது என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.