சூடானால் நின்றுபோகும் ஃபோர்டு 8என்

அமெரிக்காவின் ஒஹாயோவில் நிலத்தோடு சேர்ந்து எங்களிடம் வந்த டிராக்டர் இது. 1949ஆம் வருட ஃபோர்டு 8என், பெட்ரோல் வண்டி. காலையில் பட்டனை அழுத்தியதும் பிடித்துக்கொள்ளும். புல் வெட்ட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆனதும் இருமி இருமி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லாதவர் யாருமில்லை.

இந்த மாதிரிக் கோளாறை வண்டி நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும், ஆறினால் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்பார்க் டெஸ்டரின் இடைவெளியைக் கால் அங்குலத்துக்கு விரித்துப் பிளக் வயரில் மாட்டி என்ஜினைச் சுற்றினேன். காலையில் நீலமாகச் சடசடவென்று தாவிய ஸ்பார்க், இப்போது மஞ்சளாக வந்தது, சில சமயம் வரவே இல்லை. சாவியை அணைத்துவிட்டுக் கார்புரேட்டர் அடித்திருகையும் எடுத்துப் பார்த்தேன். பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. ஆக, கோளாறு கரண்ட் பக்கம்தான்.

8என்னில் வரிசை எண் 263843 வரைக்கும், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினுக்கு முன்னால், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் பக்கவாட்டில். என்னுடையது முன்பக்க வகை. அதை வண்டியிலேயே வைத்து, உள்ளே திறந்து மூடிக் கரண்டை வெட்டும் பாயிண்டை செட் பண்ணப் பார்ப்பது வீண் வேலை. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் முழுசாகக் கையில் வந்துவிடும். அதன் தண்டின் நாக்கு நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருப்பதால் திரும்ப ஒரே விதமாகத்தான் உட்காரும், டைமிங் மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கையால் முழுதாக உட்காரவைத்த பிறகுதான் போல்ட்டை முடுக்க வேண்டும். போல்ட்டாலேயே இழுத்து உட்காரவைத்தால் போல்ட் மாட்டும் காது உடையும்.

பாயிண்ட் கருகியிருந்தது. புதுசு போட்டு, பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றினேன். பாயிண்ட் திறக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். பக்கவாட்டு வகைக்கு 0.025, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாயிண்டைத் திறக்கும் கேமின் நாலு முனையிலும், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். முனைக்கு முனை வித்தியாசம் வந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பாயிண்டை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது. நல்லவேளை, எனக்கு வரவில்லை. கேஜில் இருக்கும் எண்ணெய்ப் பசை பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கடைசியில் சுத்தமான காகித அட்டை ஒன்றை நடுவில் விட்டு இழுத்தேன். ஊரில் பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

ஆனாலும் சூடானதும் நின்றது! மிச்சம் இருந்தது டிஸ்ட்ரிபியூட்டர் மேலே உட்கார்ந்து, ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் சதுரக் காயில் (coil). உள்ளே சுற்றிய கம்பி சூட்டில் விரிந்து விட்டுவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். புதுக் காயில் போட்டதும் மதியம் வரைக்கும் நிற்காமல் ஓடியது. காயில் கெடுவதற்குச் சாவியை அணைக்காமல் விடுவதும் ஒரு காரணம். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து காயிலை வறுத்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ரெசிஸ்டரும் இந்தச் சூட்டைக் குறைக்கத்தான், அதைத் தாண்டி நேராக வயர் கொடுக்காதீர்கள்.

குளிரில் என்ஜின் சுற்றத் திணறியதைப் பார்த்து, 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றவில்லை. இந்த வண்டிக்கு 6 வோல்ட், பாசிட்டிவ் பக்கம்தான் பாடியில் சேரும். திணறியதற்குக் காரணம் யாரோ மாட்டியிருந்த மெல்லிய கார் பேட்டரி கேபிள். தடித்த கேபிள் போட்டதும் ஜனவரியிலும் பிடிக்கிறது.