மொய்க் கணக்கில் அரைப்புள்ளி

நேற்றுச் சாயங்காலம் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வடக்காலத் தோட்டத்துக்காரரு உன்ற கல்யாணத்துக்கு எத்தனடா மொய் வெச்சாரு?"

விடிந்தால் கோபியில் அவர் பேத்திக்கு முகூர்த்தம். அப்பா ஐநூத்தியொண்ணு என்கிறார். அம்மா ஆயிரத்தியொண்ணு என்கிறார். இவர்கள் இருவரும் ஒரு தொகையில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை, அதை விடுங்கள். குறைத்து வைத்தால் ஆயுசுக்கும் ஊர் வாயில் பழமை ஆகிவிடும். கூட்டி வைத்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. மொய் நோட்டோ அட்டாலியில் இருந்தபடியே கரையானுக்கு விருந்தாகிப் பல வருடம் ஆகிறது.

"கவலையே படாதீங்க. எங்கிட்ட சாப்ட் காப்பி இருக்குது" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக நான் 21 வருடம் காத்திருந்தேன். 2004-இல் அடித்த ஃபைல். ஃபிளாப்பியில் இருந்து சிடி, சிடியில் இருந்து 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், அங்கிருந்து பென் டிரைவ், பிறகு இரண்டு வெளி டிஸ்க்குகள் என்று அது நான் போன ஊருக்கெல்லாம் கூடவே வந்தது. கல்யாண ஆல்பத்தைவிட அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வீட்டம்மா குத்திக் காட்டுவதுண்டு. ஆல்பத்துக்கு ஒரே பிரதிதான், என்ன செய்வது.

தோட்டத்து வீட்டில் இருக்கும் பழைய கோர் 2 டுவோ கணினியை எழுப்பினேன். அதன் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் சோமனூர்த் தறி தோற்கும். கட்டுத்தரையில் எருமை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடும். உள்ளே டெபியன் லினக்ஸ். லிபர் ஆபிஸில் ஃபைலைத் திறந்தேன். திறந்தது. அங்கேதான் வினை.

386 வரிகள். தொகையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது: 101, 51, 251, 501, 101. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கோழி கிளறிய குப்பைமேடு. எவ்வளவு வந்தது என்று தெரியும், யார் வைத்தது என்றுதான் தெரியாது. வருமான வரிக்காரர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது யுனிகோடு இல்லை; அதாவது, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையில் அடித்ததில்லை. அந்தக் காலத்து எழுத்துரு பலவும் ஆங்கில எழுத்தின் வீட்டில் தமிழ் எழுத்தைக் குடிவைத்த கதை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் குப்பை. நான் அடித்தது கோபியில் ஒரு பிரவுசிங் சென்டரில். ஆங்கிலத்தில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழில் அம்மா வரும், உள்ளே எதை எதற்கு மாற்றுகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த சென்டரும் இல்லை, அந்த மென்பொருளும் இல்லை, எழுத்துருவும் இல்லை.

"லினக்ஸெல்லாம் வேலைக்காகாதுன்னு சொன்னனுங்களே மச்சான்" என்று பின்னால் குரல். பெருந்துறை மாப்பிள்ளை, என் தங்கச்சி வீட்டுக்காரர்.

அவர் விண்டோஸ் கட்சி, நான் லினக்ஸ் கட்சி. அவர் மடிக்கணினியின் விசைப்பலகையில் மாரியாத்தா நோம்பி சீரியல் லைட் ஓடும். அவர் மகள் காதுகுத்தில் நிரல் எழுத விம்மா ஈமேக்ஸா என்று நாங்கள் சண்டை போட்டதில் ஆசாரி பத்து நிமிடம் ஊசியைப் பிடித்தபடி நின்றார். இருவரில் ஒருவருமே ஈமேக்ஸ் பயன்படுத்துவதில்லை என்பது என் தங்கச்சியின் புகார். ஆடிப் பதினெட்டுக்கு எஸ்எஸ்டி சண்டை, பொங்கலுக்கு லினக்ஸின் சிஸ்டம்-டி சண்டை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது அவருக்குத் துக்கம் விசாரித்து ஃபோன் செய்தேன். ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் எவ்வளவு முற்றினாலும் 'ங்க' விட்டுப்போகாது. "உங்க லினக்ஸை உடைப்புல போடுங்க" என்பதுதான் அவர் இதுவரை சொன்ன கடுமையான வார்த்தை.

"நீங்க சொன்னது ஒண்ணுமில்லீங்க மாப்ள. இது மூடிய மென்பொருள் செஞ்ச வேலை. கட்டற்ற மென்பொருளா இருந்திருந்தா மூல நிரலைப் பார்த்து இந்நேரம் மாத்தியிருக்கலாம்" என்று ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பித்த ஸ்டால்மனின் பிரிண்டரை நான் கொண்டுவருவது வழக்கம். அமெரிக்காவின் எம்ஐடியில் தாள் சிக்கிக்கொண்டே இருந்த பிரிண்டர். சரி செய்ய மூல நிரல் கேட்டார், தர மறுத்தார்கள், அந்தக் கோபம் ஊறி ஊறி 1983-இல் குனு திட்டமாக வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு இது மனப்பாடம். "அந்த பிரிண்டருக்கு ஒழுங்கா சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருந்தா உங்களுக்கு இந்தப் பொழப்பே வந்திருக்காதுங்க" என்றார். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"யுனிகோடு எப்பங்க வந்துச்சு?"

"1991. லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை அறிவிச்ச அதே வருசம். அவரு ஆகஸ்ட்டு, இது அக்டோபரு."

"அதுல தமிழ் இருந்துச்சுங்களா?"

"முதல் பதிப்புலயே இருந்துச்சு."

"அப்ப 13 வருசம் கழிச்சு நீங்க ஏனுங்க யுனிகோடுல அடிக்கல?"

பிரவுசிங் சென்டரில் இருந்தது விண்டோஸ் 98, அதில் யுனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரியாது, அரசாங்கமே செம்மொழி மாநாடு நம் கோவையில் நடந்த 2010-இல்தான் யுனிகோடுக்கு வந்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே உண்மை. ஆனால் தோற்றவன் பேசும் உண்மைக்கு என்ன மதிப்பு.

இதற்கிடையில் அப்பா இரண்டு தடவை வந்து "எத்தனடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுத்துருவை இறக்கலாம் என்றால் நெட் இல்லை. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய பொக்லைன் காலையிலேயே கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டது. செல்போன் டவர் எடுக்கும் ஒரே இடம் தண்ணித் தொட்டி மேடு. மாப்பிள்ளை மடிக்கணினியோடு தொட்டி மேல் ஏறி, ஃபோனோடு இணைத்தார். நெட்டைக் கண்டதும் அவருடைய விண்டோஸ் அப்டேட் ஆரம்பித்தது. டேட்டா தீர்ந்ததும் இறங்கி வந்தார். நான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயார், எருமை சாட்சி.

அடுத்து ஹார்டுவேர்ப் படலம். இந்த மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு விண்டோஸ் 11 போட்ட புதியது வாங்கினால் எல்லாம் சரியாகும் என்றார். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று சொல்லி ஓடுகிற மெஷினையெல்லாம் குப்பைக்கு அனுப்புவது பாவம் என்றேன். பத்து வருடம் உழுத மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். 'அனுப்புறோமுங்களே' என்றார். அதுவும் உண்மைதான் என்பதால் பேச்சை மாற்றினேன்.

பிறகு அவர் ஆராய்ச்சியாளர் ஆனார். அதிகம் வரும் குறி எது என்று எண்ணிப் பார்த்தார். அரைப்புள்ளி. "மச்சான்! இது சிஎஸ்வி ஃபைலுங்க! அரைப்புள்ளிதான் கட்டம் பிரிக்கற குறி!" என்று கத்திவிட்டு, முழுவதையும் எக்செல்லில் ஏற்றி அரைப்புள்ளி வந்த இடத்திலெல்லாம் வெட்டினார். 386 பேரும் துண்டு துண்டாகத் தனித்தனிக் கட்டத்தில் விழுந்தார்கள். கசாப்புக்கடை ஞாயிற்றுக்கிழமை போல இருந்தது. பைத்தானில் ஒரு மாற்றி எழுதிவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். எழுத்துக்கு எழுத்து பட்டியல் தெரியாமல் எதை எதாக மாற்றுவது? அது உறைப்பதற்குள் நாற்பது வரி எழுதியாகிவிட்டது. வரியைத் தள்ளி ஆரம்பிக்கத் தாவலா (டேப்) இடைவெளியா என்று அதில் வேறு ஒரு சுற்றுச் சண்டை.

அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு தட்டப்பயிறு உரித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, அந்த எழுத்தைச் சித்தப் பெருசாக்கு."

பெரிதாக்கினேன். திரையைப் பார்த்தார். முறத்தின் விளிம்பில் விரல்கள் என்னவோ செய்தன.

"கேப்பிட்டல் என், எஃப்பு, எச்சு, ஜி, பி. இது கோபிடா."

மாப்பிள்ளையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எஃப்புல க. ஜியில ப. ஜேயில த, கேயில ம. ஏ, எஸ், டி, எஃப்பு அடிச்சா யளனக. அரைப்புள்ளி கட்டமும் இல்ல கருமாந்தரமும் இல்ல மாப்ள, அது புள்ளி. மெய்யெழுத்துக்கு வெக்கற புள்ளி."

ஒவ்வொரு மெய்யெழுத்திலும் ஒரு ஆளை வெட்டிப் போட்டிருந்த மாப்பிள்ளை மெதுவாக எக்செல்லை மூடினார்.

எஸ்எஸ்எல்சி முடித்துவிட்டு 1975-இல் கோபியில் டைப்ரைட்டிங் போனாராம். இங்கிலீஷ் லோயர், தமிழ் லோயர் இரண்டும் பாஸ். ஒரே விரலுக்கு இரண்டு பாடம். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் விரல் தானாகத் தமிழ்ப் பலகைக்குப் போகிறது என்கிறார். அந்தத் தட்டச்சுப் பலகையைப் பெரும்பாலும் பின்பற்றி வந்தவைதான் பாமினி வகை எழுத்துருக்கள். இதை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். படித்து என்ன பிரயோஜனம். ஹையருக்கு ஹால் டிக்கெட் வந்த வாரம் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதை இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

"எனக்கு ய மட்டும் அழுந்தாது. சுண்டுவிரல்ல வலுவே இல்லைன்னு மாஸ்டரு ஸ்கேல்ல தட்டுவாரு" என்று சிரித்தார்.

அப்புறம் வாசித்தார். மெதுவாக, வரி வரியாக. இடையிடையே "இங்க புள்ளி விட்டுட்ட", "இது றன்னகரமா போட்டிருக்கோணும்" என்று என் எழுத்துப் பிழைகளுக்கும் மதிப்பெண் விழுந்தது. 112-ஆவது வரியில் வடக்காலத் தோட்டம் வந்தது.

251.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்புறம் இருவரும் ஒரே குரலில், "நீ தப்பா அடிச்சிருப்பே" என்றார்கள். ஒரு தொகையில் அவர்கள் ஒன்றுசேர்ந்து நான் பார்த்தது இதுதான்.

வேலை முடிந்தது. ஆனால் அம்மா நிறுத்தவில்லை. அடுத்த வரி, அடுத்த வரி என்று போய்க்கொண்டே இருந்தார். பாதிப் பேர் இப்போது இல்லை. "இவரு போய்ச் சேந்துட்டாரு", "இந்த அத்தை எனக்கு ஒப்புட்டு சுடச் சொல்லிக் குடுத்துது", "இவங்க கூட இப்பப் பேச்சில்ல, பாத்தியா, 501 வெச்சிருக்காங்க". மாப்பிள்ளை தன் மடிக்கணினியில் யுனிகோடில் அடித்துக்கொண்டே வந்தார். என்ன வடிவத்தில் சேமிக்கிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். டாக்-எக்ஸ், மைக்ரோசாஃப்ட் வேர்டின் வடிவம். தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

240 சொச்சத்தில் அம்மாவின் குரல் நின்றது. திரும்ப முதல் எழுத்தில் இருந்து போனார். பெயர், இனிஷியல். பிறகு, "டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கோபி." 51 ரூபாய்.

"மாஸ்டரு வந்திருந்தாராடா?"

எனக்குத் தெரியாது. நான் அடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா காலையில் இருந்து பந்தியில்தான் நின்றார். ஒறம்பரை (உறவுக்காரர்) மட்டுமே அறுநூறு பேர். யார் வந்தார், யார் சாப்பிட்டார், யார் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது.

உள்ளே இருந்து அப்பா கேட்டார்: "அவருக்கு நாம திருப்பி வெச்சமா?"

அதற்கு அந்த ஃபைலில் கட்டம் இல்லை. மாப்பிள்ளை அடிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முறத்தின் விளிம்பில் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் ய-வின் மேல் அழுந்திக்கொண்டிருந்தது.